எலி, என் மகள், இசக்கியின் கடைவாய்ப்பல்

1

நான் பம்பாயில் வந்து இறங்கியது ஒரு பிள்ளையார் சதுர்த்தியன்று. தாதர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கொட்டும் தாளமுமாக ஒரு பெருங்கூட்டம். எல்லார் முகத்திலும் குலால் வண்ணப்பொடி. அழைத்துப்போக ஆள் அனுப்புவதாகச் சித்தப்பா எழுதியிருந்தார். இந்த அளவுக்குச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கையால் தலையிலிருந்த டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு பக்கமும் வணக்கம் வைத்தபடி கொஞ்ச தூரம் நடந்தேன். பின்னாலிருந்து லாரியில் பிள்ளையார் வந்த பிறகுதான் வரவேற்பு யாருக்கு என்று தெரிந்தது.

வருடா வருடம் சதுர்த்தியன்று இந்தக் கதையை வீட்டில் சொல்லுவேன். ஒவ்வொரு வருடமும் நான் வணக்கம் வைத்துக்கொண்டு நடந்த தூரம் கொஞ்சம் நீளும். போன வருடம் கிட்டத்தட்ட மாட்டுங்கா வரை போய்விட்டேன். இந்த வருடம் சொல்ல வாய்க்கவில்லை. பிள்ளையாரை விட்டுவிட்டு அவருடைய வாகனத்தைப் பற்றியே எல்லோரும் பேசும்படி ஆகிவிட்டது. அதற்குக் காரணம் என் தொழில். ஊரில் இருக்கும் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிவதை விட நானே சொல்லிவிடுவது மரியாதை.

2

தாராவியில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, சடங்கு, பிறந்த நாள், கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி என்று மனிதன் பிறந்ததிலிருந்து போகிற வரைக்கும் எல்லாவற்றுக்கும் போர்டு அடித்துக் கொடுப்பேன். ஊரில் தமிழில் நான் எடுத்த மார்க்கை அறிந்தவர்கள் சிரிக்கலாம். இங்கே பிழை கண்டுபிடிக்க ஆள் இல்லை. பிள்ளைகள் முனிசிபல் பள்ளியில் இந்தி, மராட்டி, இங்கிலீஷ் என்று படித்து, தமிழைப் படம் பார்ப்பது போலத்தான் பார்க்கின்றன.

இந்தத் தொழிலில் ஒரு நியதி உண்டு. எந்த விஷயத்தையும் ஒரு படி ஏற்றித்தான் போட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தேறினால் 'கல்விக் கடல்'. வார்டு தேர்தலுக்குச் சீட்டுக் கேட்டவர் 'நாளைய மந்திரி'. கேட்டும் கிடைக்காவிட்டால் 'நாளை மறுநாளைய மந்திரி'. உள்ளதை உள்ளபடி போட்டால் வாடிக்கையாளருக்கு அவமானம். ஏதோ பகையில் செய்ததாக நினைத்துக்கொள்வார். படிக்கிறவர்களும் மனதுக்குள் ஒரு படி இறக்கித்தான் படிப்பார்கள். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

3

என் மகள் கயல்விழி, புது பம்பாயில் நெருலையும் தாண்டி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளோடு இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். அதற்கும் மேலே படித்து டாக்டர் ஆகப் போகிறாள், ஊசி போடாத டாக்டர். ஊசி போடுகிறாள்தான், எலிக்கு.

அவள் எலியிடம் போனதற்குக் காரணம் இசக்கி. என் தங்கை சொர்ணத்தின் மகன், இருபத்திரண்டு வயது. மான்குர்தில் ஒரு மொபைல் கடையில் ரிப்பேர் வேலை. அவன் ரத்தத்தில் ஒரு சரக்கு பிறவியிலேயே கிடையாது. அதனால் காயம் பட்டால் ரத்தம் உறையாது. காயமே இல்லாமல் முட்டிக்குள் கசிந்து வீங்கும். இது அம்மா வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும் நோய். எங்கள் அம்மா அதைத் தன்னையறியாமலே வைத்திருந்திருக்கிறாள். எனக்கு வராமல் போனது சுத்தமான அதிர்ஷ்டம். வாழ்க்கையில் எனக்கு அடித்த ஒரே லாட்டரி அதுதான். அதையும் நான் வாங்கவில்லை. சொர்ணம் தனக்கு ஒன்றுமில்லாமல் அதைச் சுமந்துவந்து மகனுக்குக் கொடுத்துவிட்டாள்.

இல்லாத அந்தச் சரக்கை 'ஃபேக்டர்' என்ற பெயரில் ஊசியாக ஏற்றுவார்கள். இசக்கிக்குச் சிறு வயதிலிருந்து ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். நடுவில் ஒரு நாள் அவன் உடம்பு, இது யாரோ வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்து, ஊசியில் வந்ததையெல்லாம் அடித்து விரட்ட ஆரம்பித்துவிட்டது. பம்பாயில் குடியிருக்கும் தமிழனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஃபேக்டரை எவ்வளவு ஏற்றினாலும் அவனுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

ஆனால் அதே நோய் உள்ள வேறு பையன்கள் பல பேருக்கு உடம்பு அப்படி விரட்டுவதில்லை. வா தம்பி, உட்கார் என்கிறது. ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் கயலின் படிப்பு. அவளிடம் இந்த நோயோடு பிறந்த எலிகள் இரண்டு குலமாக இருக்கின்றன. ஊசியைப் போட்டால் ஒரு குலம் சண்டைக்கு நிற்கும். மற்றொன்று சட்டை செய்யாது. இரண்டு குலத்துக்கும் சம்பந்தம் செய்து, பேரப்பிள்ளைகள் காலம் வரை காத்திருந்து, எந்தப் பேரன் சண்டை போடுகிறான், அவனுக்கு எந்தத் தாத்தாவிடமிருந்து எந்தத் துண்டுச் சொத்து வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சண்டைக்காரப் பேரன்கள் எல்லாரிடமும் ஒரே துண்டு இருந்தால் விஷயம் அங்கேதான்.

"குலம் கலக்காம இருக்கதுக்கு என்னம்மா செய்வாவ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அண்ணன் தங்கச்சிக்கே கட்டி வைப்பாங்கப்பா. தலைமுறை தலைமுறையா."

என் மனைவி தோசைக் கரண்டியைக் கீழே போட்டாள். "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுதியோ ரெண்டு பேரும்!"

4

சதுர்த்திக்கு ஒரு வாரம் முன்னால் கயல் போன் செய்தாள். குரலில் துள்ளல்.

"அப்பா, மேப்பிங் முடிஞ்சுது! ரீஜன் கிடைச்சிருச்சு!"

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சுப்பா!"

எது கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்ற மனம் கேட்கவில்லை. தொழில் மனம் கேட்கவே விடவில்லை. போனை வைத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு படி மட்டும் ஏற்றினால் ஊர் என்ன சொல்லும்? நாலு படி ஏற்றினேன்.

'எலியை வென்ற ஏந்திழையே! உறையாத ரத்தத்தை உறைய வைக்க மருந்து கண்ட மருத்துவ மாமணியே! வருக! வருக!'

நடுவில் கயல், வெள்ளைக் கோட்டில். பக்கத்தில் ஓர் எலி. நெட்டில் அகப்பட்டது பெருச்சாளிப் படம்தான். ஆய்வுக்கூடத்து எலி கட்டை விரல் அளவுதான் இருக்கும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிய வந்தது. மேல் மூலையில் பிள்ளையார். கீழ் வரிசையில் வழக்கம்போல வாழ்த்துவோர்: கறுப்புக் கண்ணாடியில் நான், காதில் போனோடு என் மைத்துனன், இரு கையையும் கூப்பிக்கொண்டு சொர்ணம், கடைசியில் 'இவண்: முறைமாப்பிள்ளை' என்ற தலைப்பில் இசக்கி. அதைப் போடச் சொன்னவனே அவன்தான். கயல் அவனுக்கு நாலு வயது மூத்தவள். 'மதினி' என்று கூப்பிட்டுக்கொண்டு முறைமாப்பிள்ளை என்று போடச் சொல்லும் துணிச்சல் அவனுக்கு உண்டு.

நைன்டி ஃபீட் ரோட்டில் பேனர் ஏறியது. பொதுவாக முனிசிபாலிட்டிக்காரர்கள் என் பேனரை மறுநாளே அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். இதில் பிள்ளையாரும் எலியும் இருந்ததால், ஏதோ மண்டல் என்கிற விழாக் கமிட்டியின் கணபதி போர்டு என்று நினைத்துத் தொடாமல் போனார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதைப் பார்த்தேன்.

மறுநாள் காலையிலிருந்து கடைக்கு ஆட்கள். சுகர் இருப்பவர் ஒருவர், மூலம் உள்ளவர் ஒருவர். கூடவே செம்பூரிலிருந்து ஒரு அம்மா, வீட்டில் எலித் தொல்லை தாங்கவில்லை, உங்கள் மகளை ஒரு நடை அனுப்ப முடியுமா என்று. இதெல்லாம் நான் சமாளித்துக்கொண்டேன். மத்தியானம் சொர்ணம் வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வருடக்கணக்காகப் பார்த்ததில்லை.

"அண்ணே, பல்லு புடுங்க ஆஸ்பத்திரில சொல்லியிருந்த தேதிய வேண்டாம்னுட்டேன். நம்ம கயலு மருந்து வரட்டும். அதுக்கப்பறம் நிம்மதியா புடுங்கிக்கிடலாம்."

5

இசக்கிக்குக் கடைவாய்ப்பல் ஒன்று உள்ளே அழுகிக்கொண்டிருந்தது. கன்னம் ஒரு பக்கம் வீங்கி, மோதகத்தை வாய்க்குள் அடக்கி வைத்தவன் போல இருந்தான். பல்லைப் பிடுங்குவது உங்களுக்கும் எனக்கும் கால் மணி நேரக் காரியம். அவனுக்கு அப்படியல்ல. ஃபேக்டர் வேலை செய்யாதவர்களுக்கென்று சுற்று வழியில் ரத்தத்தை உறைய வைக்கும் வேறொரு மருந்து இருக்கிறது. அதை ஏற்பாடு செய்து, ரத்த டாக்டரும் பல் டாக்டரும் ஒரே நாளில் சேர்ந்து நிற்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இருவரையும் ஒரே நாளில் சேர்ப்பது இரண்டு கட்சியைக் கூட்டணி சேர்ப்பது மாதிரி. அப்படிக் கிடைத்த தேதியைத்தான் சொர்ணம் வேண்டாம் என்றிருந்தாள்.

சொர்ணத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் கொடைக்குப் போகிறவர். ஒரு கொடையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த பல் வைத்தியனிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்கு வந்தார். ரத்தம் நிற்கவில்லை. துணியை வைத்தார்கள், படிகாரம் வைத்தார்கள், மந்திரித்தார்கள். காரணம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அவர் போன பிறகும் தெரியவில்லை. சொர்ணம் அப்போது அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்த சிறு பிள்ளை. பல் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் அவள் கை சேலைத் தலைப்பைத் தேடும்.

அன்று சாயந்திரம் கயல் வந்தாள். பேனரை ரோட்டிலேயே பார்த்திருக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்; அதனால் கோபம் நன்றாக ஊறிப்போய் வந்தாள்.

"அரே அப்பா, யே க்யா கர் தியா? என்ன பண்ணி வச்சிருக்கீங்க? மருந்தா? நான் எப்போ மருந்துன்னு சொன்னேன்?"

"கிடைச்சிருச்சுன்னியேம்மா?"

"ரீஜன் கிடைச்சிருச்சுன்னேன்! இப்ப ஒரு ஆளைத் தேடுறோம்னு வைங்க. பூரா பம்பாய்ல எங்க இருக்கான்னு தெரியாம இருந்துச்சு. இப்ப நைன்டி ஃபீட் ரோட்டுக்கும் கிராஸ் ரோட்டுக்கும் நடுவுல இருக்கான்னு தெரியும். அவ்ளோதான்."

"எந்த சால்? எந்த வரிசை?"

"தெரியாது."

"எந்த வீடு?"

"தெரியாது. ஆளே ஒருத்தனா, நாலு பேரான்னும் தெரியாது. அதுவும் இது எலியோட தாராவி. மனுஷனோட தாராவில அந்த ரோடு எங்க போகுதுன்னு தனியாப் பாக்கணும். மருந்தெல்லாம் அதுக்கப்பறம் எத்தனையோ பேரு எவ்வளவோ செய்யணும்."

அந்த இடத்தில் போஸ்ட்மேனே வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் என் கடையில் தபாலைப் போட்டுவிட்டுப் போகிறவர். என் மகளின் காரியம் எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் எனக்கு முதல் முறையாக உறைத்தது.

மூவரும் சொர்ணத்தின் வீட்டுக்குப் போனோம். நான், கயல், என் குற்ற உணர்ச்சி. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ பெரிய படிப்பு படிச்ச பிள்ள. அடக்கமாத்தான் பேசுவ. ஆனா ரோட்டுல அம்புட்டு பெருசா போட்டிருக்குல்லா?"

"அது அப்பா சும்மா போட்டது அத்த!"

"சும்மா போடுவாவளா? என் படத்தயும் போட்டு, கையக் கூப்ப வச்சு, பிள்ளையாரயும் வச்சுப் போட்டிருக்கு. சாமி படத்துக்குக் கீழ பொய் எழுதுவானா எங்க அண்ணன்?"

இசக்கி வீங்கிய வாயோடு, "மாமா, நல்லா மாட்டினியா?" என்றான். அவனுக்கு வலி. ஆனாலும் மாமன் மாட்டிக்கொள்வதை ரசிக்கும் அளவுக்கு உயிர் இருந்தது.

"நீ என்ன சொல்லுதல?" என்று அவனைக் கேட்டேன்.

"மதினி ஆஸ்பத்திரிக்குப் போன்னா போறேன். ஆனா அம்மா வரலேன்னா போமாட்டேன். அவ இங்க தனியா உக்காந்து என்னென்ன நெனப்பான்னு எனக்குத்தானே தெரியும்."

சொர்ணம் அசையவில்லை. "வாயால நூறு சொல்லலாம் அண்ணே. போர்டுல போட்டத வாயால அழிக்க முடியாது. நீ போட்டது பொய்யின்னா அதே எடத்துல பொய்யின்னு போடு. நான் படிச்சிட்டு வாரேன்."

6

மறுப்புப் பேனர் என்ற ஒன்றைத் தாராவியில் அதுவரை யாரும் அடித்ததில்லை. அதற்கு என்னிடம் மாதிரியும் இல்லை. கயல் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். தமிழ் சரளமாக வாசிக்க வராத பிள்ளை, என் வாழ்நாளில் முதல் முறையாக என் பேனருக்குப் பிழை திருத்தினாள்.

"மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை" என்று அடித்தேன்.

"'இன்னும்' போடுங்க."

போட்டேன். "இடம் மட்டும் கண்டுபிடிக்கப்பட்டது."

"'எலிகளில்' போடுங்க."

"எலிகளில் இடம் மட்டும் கண்டுபிடிக்கப்பட்டது."

"'இருக்கக்கூடும்'னு வரணும். வேற லேப்ல யாராவது செஞ்சு பாத்தாதான் உறுதி."

"ஏம்மா, பேனர்ல 'கூடும்'னு போட்டா என் தொழில் என்னத்துக்காகும்?"

"என் தொழில்ல அதைப் போடலேன்னா வெளிய அனுப்பிடுவாங்கப்பா."

ஒரு படி ஏற்றுகிற அப்பனும் இரண்டு படி இறக்குகிற மகளும் சேர்ந்து கடைசியில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தோம்:

'முன்பு இங்கே வைத்த பேனரில் உள்ளது தவறு. இன்னும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. உடம்பு மருந்தை எதிர்ப்பதற்குக் காரணமான ஒன்று இருக்கக்கூடிய இடம் மட்டும், எலிகளில், இதுவரை தெரிந்திருக்கிறது. நோயாளிகள் டாக்டர் சொன்ன தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போகவும்.'

எலிப் படம் வேண்டாம் என்றாள். பிள்ளையாரை நானே எடுத்துவிட்டேன். அவரை மறுபடி சாட்சிக்கு இழுக்க எனக்குத் தைரியமில்லை. வாழ்த்துவோர் வரிசை கூடாது என்று கயல் கண்டிப்பாகச் சொன்னாள். இசக்கி போனில் சண்டை போட்டான்: "தப்பான போர்டுல என் போட்டோ இருக்கு, சரியான போர்டுல இல்லைன்னா என்ன நியாயம்?" அந்த நியாயத்தை மறுக்க முடியாமல் மூலையில் சின்னதாக அவனை மட்டும் போட்டோம், வீங்கிய கன்னத்தோடு.

பேனர் ஏறியதும் தெருவில் ஒரே பேச்சு. எனக்கு வேண்டாதவர் எவரோ செய்த சதி என்றார்கள். ஒருவர், "யாருன்னு மட்டும் சொல்லு வே, பாத்துக்கிடலாம்" என்று சட்டைக் கையை மடித்தார். என் கடைப் பெயர்தானே கீழே இருக்கிறது என்று காட்டினேன். "உன் பேரயே போட்டிருக்கான்னா எவ்வளவு திமிரு!" என்றார்.

சொர்ணம் வந்தாள். ரோட்டோரம் நின்று, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாய்விட்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பின்னால் நின்ற டெம்போக்காரன் ஹாரன் அடித்தான், அவள் நகரவில்லை. முழுவதும் படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். போன தடவை பார்த்த வெளிச்சம் முகத்தில் இல்லை. அதை அணைத்தது நான்தான் என்பதை விட, ஏற்றி வைத்ததும் நான்தான் என்பதே என்னை அதிகம் சுட்டது.

"சரி. எந்தத் தேதிக்கு வரச் சொல்லுதாவன்னு கேளு," என்றாள். பிறகு கயலிடம், "எலிகளுக்கு அன்னைக்கு லீவு விட்டிருவியா?"

"விட்டுடுறேன் அத்த."

7

வேண்டாமென்று விட்ட தேதியைத் திரும்ப வாங்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். ஒரு ஜன்னலில், "பேஷன்ட் மறுத்துவிட்டார் என்று பதிந்திருக்கிறதே, ஏன் மறுத்தார்?" என்று மராட்டியில் கேட்டார்கள். எலி, பிள்ளையார், பேனர் எல்லாவற்றையும் என் மராட்டியில் சொன்னேன். அந்த அம்மாள் வேறு எதுவும் கேட்காமல், இரக்கத்தோடு முத்திரை குத்திக் கொடுத்தாள். மனநலப் பிரிவுக்கு வழி எது என்றும் காட்டினாள் என்று கயல் சொல்கிறாள். நான் அதைக் கவனிக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே சுற்று வழி மருந்தை ஏற்றினார்கள். ரத்த டாக்டரும் வந்தார், பல் டாக்டரும் வந்தார்; கூட்டணி உடையவில்லை. இசக்கியை உள்ளே கொண்டுபோகும்போது அவன் என்னைக் கூப்பிட்டு, "மாமா, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கண்ணீர் அஞ்சலில ஒரு படி ஏத்திப் போடாத. மொபைல் மெக்கானிக்னு போடு, சயின்டிஸ்ட்னு போட்டுறாத" என்றான்.

"போல, மூதி!" என்றாள் சொர்ணம். அவனை அடிக்க ஓங்கிய கை அவன் தலையைத் தடவிவிட்டு வந்தது.

பல் வெளியே வந்துவிட்டது. வாயில் பஞ்சுத் துணியைக் கடித்தபடி இசக்கி வார்டுக் கட்டிலில் உட்கார வைக்கப்பட்டான். பிறந்ததிலிருந்து அவன் தொடர்ந்து வாயை மூடியிருந்தது அன்றைக்குத்தான். நர்ஸ் வந்து துணியை எடுத்தாள்; சிவப்பு. வேறு துணி வைத்தாள். சொர்ணம் கட்டில் தலைமாட்டிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. டீ வேண்டாம் என்றாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். அவள் கண் மகன் உதட்டின் ஓரத்தை விட்டு அகலவில்லை. தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்த துணி இளஞ்சிவப்பு. அதற்கடுத்ததில் ஒரு கோடு. பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்தியில், ரத்தம் நின்றுவிட்டது, உறைந்து நன்றாகப் பிடித்திருக்கிறது, இருந்தாலும் இங்கேயே தங்கட்டும், மருந்து தொடரும் என்றார். சொர்ணம் அவரிடம் தலையை ஆட்டினாள். அவர் போனதும் கயலின் கையைப் பிடித்தாள்.

"நீ பாருட்டி."

கயல் போன் டார்ச்சைப் போட்டு இசக்கியின் வாய்க்குள் பார்த்தாள். இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். எலியின் வாலில் துளி ரத்தத்துக்காகக் குனிந்து குனிந்து பழகிய கழுத்து. எதையும் 'கூடும்' போடாமல் சொல்லாத வாய்.

"நின்னுருச்சு அத்த."

"ஒழுங்காப் பாத்தியா?"

"நின்னுருச்சு."

சொர்ணம் மகனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அப்ப நான் போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வந்திருதேன். காலையிலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வராந்தாவில் கிட்டத்தட்ட ஓடினாள்.